பழைய ஹாட்டிஸ்கில் கிடக்கும் 2022

போன ஞாயிறு இரவு கத்தாரிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி. “அண்ணை, என்ர சீவி உங்கட கொம்பியூட்டரில கிடக்கும். ஒருக்காத் தேடி அனுப்பிவிடுங்கோ. இஞ்ச கொன்ட்ராக்ட் முடியுது, வேற இடம் பாக்கவேணும்.” சீவி என்றால் வேலைக்குக் கொடுக்கிற சுயவிபரம். அனுப்பியவர் எங்கள் ஊரில் வீடு கட்டுகிற மேசன் தம்பி. இலங்கை வங்குரோத்தான 2022இல் போனவர்.

எனக்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு கொமியூனிகேஷன் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு இந்தப் பெயர் விளங்காது. ஒரு காலத்தில் சனம் வந்து வரிசையில் நின்று கனடாவுக்கும் லண்டனுக்கும் கோல் எடுத்துப் போன இடம். கைத்தொலைபேசி வந்ததோடு அந்தத் தொழில் செத்தது, பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது. இப்போது போட்டோக்கொப்பி, பிறின்ட், ரைப்பிங், லமினேட். இந்த மாதிரிக் கடைகளில் வருகிற ஆட்கள் கொண்டுவரும் எல்லாமே கொம்பியூட்டரில் சேவ் ஆகிக் கிடக்கும். அழிக்கச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கும் அழிக்க மனம் வராது, நாளைக்குத் திரும்ப வந்து “அண்ணை அதில ஒரு எழுத்து மாத்தவேணும்” என்பார்கள். 2023இல் மெஷின் மாற்றும்போது பழைய ஹாட்டிஸ்கைக் கழற்றி, பிளாஸ்ரிக் பையில் சுற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

மேசனின் சீவியைத் தேட அதை எடுத்து மாட்டினேன். பெயரைப் போட்டுத் தேடினால் வரவில்லை. திகதிப்படி அடுக்கிவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கினேன். இரண்டு நிமிட வேலை. இரவு ஒரு மணிவரை இருந்துவிட்டேன்.

2019, 2020இல் இருப்பதெல்லாம் கோவில் திருவிழா நோட்டீஸ், பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், ரியூசன் பாடக்குறிப்பான ரியூட், கல்வெட்டு. கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் செத்தவரின் 31ஆம் நாளுக்கு அடிக்கிற புத்தகம். படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், சிவபுராணம், கடைசியில் நன்றி நவிலல். நல்ல வசதியான வீடென்றால் 60 பக்கம் வரும். நடுத்தரமென்றால் 32. 2022இன் பக்கம் வரும்போது பார்க்கிறேன், கல்வெட்டுகள் 8 பக்கமாகிவிட்டன. யூன் மாதத்தில் ஒரு வீட்டார் வந்து ஒவ்வொரு பக்கமாகக் கழித்துக்கொண்டே போனது ஞாபகம் வந்தது. திருப்புகழ் வேண்டாம், சகலகலாவல்லிமாலை வேண்டாம். “சிவபுராணத்தை மட்டும் விடுங்கோ, ஐயா ஒவ்வொரு நாளும் படிச்சவர்” என்றார் மகன். கடைசியில் அதையும் எழுத்தைச் சிறிதாக்கி ஒரே பக்கத்தில் அடைத்தோம். கண்ணாடி போட்டாலும் வாசிக்க ஏலாது.

பொருளாதார நெருக்கடி என்றதும் எல்லோரும் பெற்றோல் வரிசையைத்தான் சொல்கிறார்கள். படம் எடுக்கத் தோதானது அது. என் கண்ணுக்கு அதற்கு முதலே வேறு அறிகுறிகள் வந்துகொண்டிருந்தன, ஆனால் அவை அறிகுறி என்று அப்போது விளங்கவில்லை.

முதலாவது, 2021 நடுப்பகுதியில் தோட்டக்காரர் அடிக்க வந்த கடிதங்கள். “கமநல சேவை நிலையப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு” என்று தொடங்கும். அந்த வருடம் அரசாங்கம் இரசாயனப் பசளை (உரம்) இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியது. இயற்கை விவசாயம் என்று சொன்னார்கள். உண்மையில் பசளை வாங்க டொலர் இல்லை என்று எங்கள் தோட்டக்காரர் அப்போதே சொன்னார்கள். கடையில் என் முன்னால் நின்று ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, மாட்டெரு போட்டு என்ர அப்பரும் செய்தவர்தான். ஆனா அவருக்கு இருந்த மாடு எனக்கில்லையே.” அதைக் கடிதத்தில் போடச் சொன்னார். நான் போடவில்லை, மரியாதையாக இருக்காது என்று. போட்டிருக்கலாம். நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. பிறகு யூரியா வந்தபோது கள்ளச் சந்தையில் 50 கிலோ மூடை 30,000 ரூபாவைத் தாண்டி நின்றது. முந்தி மானியத்தில் 1500க்கு எடுத்தவர்கள்.

இரண்டாவது, உண்டியல். வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்புகிற வழி. பிரான்சில் இருக்கும் மச்சான் மாதாமாதம் மாமிக்குக் காசு அனுப்புவார். 2021 கடைசியில் ஒரு டொலருக்கு வங்கி கொடுத்தது 200 ரூபா. உண்டியல்காரர் 240, 250 என்று கொடுத்தார்கள். யார் வங்கிக்குப் போவார்கள்? மத்திய வங்கி 2022 மார்ச் 7 வரைக்கும் அந்த 200ஐப் பிடித்துக்கொண்டே நின்றது. கைவிட்டதும் மே மாதத்துக்குள் 360. வெளிநாட்டுக் காசு முழுக்கக் கள்ளப் பாதையில் வந்தால் நாட்டுக்கு டொலர் எங்கிருந்து வரும் என்று பின்னாளில் பேப்பரில் எழுதினார்கள். நாங்களும் சேர்ந்துதான் நாட்டை வங்குரோத்தாக்கினோம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் 2019 கடைசியில் பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக வெட்டியது மாமி இல்லை.

எது எப்படியோ, ஊர் இரண்டாகப் பிரிந்தது அப்போதுதான். வெளியில் ஆள் உள்ள வீடு, இல்லாத வீடு. ரூபா விழ விழ முதல் வகை வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு யூரோவும் பெருத்தது. அவர்கள் இன்வேட்டர் பூட்டினார்கள், சோலர் போட விலை கேட்டார்கள். அடுத்த வீட்டில் மாப் பால் நிறுத்திப் பிளேன்ரீக்கு மாறினார்கள். 400 கிராம் பால்மா பெட்டி 2022 மார்ச்சில் 790 ரூபா. நெருக்கடி எல்லோரையும் ஒரே மாதிரி அடித்தது என்று எழுதுகிறவர்கள் எங்கள் ஒழுங்கை என்கிற சின்னத் தெருவால் ஒருதரம் நடந்து போகவேண்டும்.

என் கடை எதில் ஓடியது என்று சொன்னால் தான் மிச்சம் விளங்கும். கல்வெட்டிலும் நோட்டீஸிலும் இல்லை. ரியூட்டில். யாழ்ப்பாணத்தில் ரியூசன் வாத்திமார் ஒவ்வொரு வகுப்புக்கும் பாடக்குறிப்பு அடித்துக் கொடுப்பார்கள், ஒரு வகுப்புக்கு 150 பிள்ளை என்றால் 150 செற். பௌதிகவியல், இரசாயனவியல், கணக்கியல் என்று நாலைந்து வாத்திமார் எனக்கு நிரந்தரம். இரண்டு மெஷின், அதில் ஒன்று லீசிங். வேலைக்கு ஒரு பிள்ளை. 2017இல் ஏ.எல். முடித்த கையோடு வந்தது. பாமினித் தமிழ் விசைப்பலகையில் அது அடிக்கிற வேகத்துக்கு வாத்திமார் சொல்லி முடிக்கமாட்டார்கள்.

காகிதம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஓடின காலம் வேறு. ஏ4 கட்டு ஒன்று 2021இல் 600 ரூபாச் சொச்சத்துக்கு எடுத்தேன். 2022 மார்ச்சில் கடைக்காரர் போனில் விலை சொல்லவே மாட்டார், “வந்தா இருக்கிறதப் பாத்து எடுங்கோ” என்பார். அந்த மாதம்தான் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லையென்று பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். கொழும்பில் இரண்டு நாளேடுகள் சனிக்கிழமை அடிப்பதை நிறுத்தின. நடுப்பகுதியில் கட்டு 2000ஐத் தாண்டியது. கடைச் சுவரில் “ஒரு பக்கம் 5 ரூபா” என்று பெயின்ரில் எழுதியிருந்தேன். அதற்கு மேல் கடதாசி ஒட்டி 8, அதற்கு மேல் 10, பிறகு 15. கடைசியில் 20. ஒட்டினதைப் பிய்த்தால் அடுக்கடுக்காக வரும், மரத்துக்கு வளையம் மாதிரி.

அதோடு கரண்ட். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் வெட்டு. ஊரை எழுத்து எழுத்தாகப் பிரித்து நேர அட்டவணை போட்டார்கள். அதுவரை ஒழுங்கைப் பெயரும் கோவில் பெயரும் சொன்ன சனம் “நாங்கள் பி குறூப்” என்று சொல்லத் தொடங்கியது. கரண்ட் வருகிற நேரத்தை எழுதிக் கதவில் தொங்கவிடுவேன். விடியப்புறம் மூன்று மணிக்கு வந்தால் மூன்று மணிக்குக் கடை திறப்போம். ஒருநாள் அந்த நேரத்தில் ரியூட் அடித்துக்கொண்டிருக்க, வெளியே பாண் வாங்க நிற்கிற வரிசை என் கடை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. வெளிச்சத்தைக் கண்டு இதுதான் பேக்கரி என்று ஒரு அம்மா உள்ளே வந்துவிட்டார்.

வாத்திமார் முதலில் ரியூட்டை இருபக்கமாக்கினார்கள். பிறகு ஒரு தாளில் இரண்டு பக்கம் வருகிற மாதிரிச் சுருக்கினார்கள். பெற்றோல் இல்லாமல் பிள்ளைகள் வகுப்புக்கு வருவது குறைந்தது. மே மாதத்தில் கணக்கியல் வாத்தியார் வந்து, “இனி பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில விடப்போறன், குறை நினைக்காதேங்கோ” என்றார். குறை நினைக்க என்ன இருக்கிறது. அவருக்கும் பிள்ளைகள் காசு கட்டவில்லை. மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அதே வழி. இரண்டாவது மெஷினுக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனால் லீசிங்காரர் மாதம் தவறாமல் காசு கேட்டுக்கொண்டிருந்தார்.

மே கடைசியில் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். “ஒரு ரெண்டு மாதம் பாப்பம் பிள்ளை. நிலமை சரிவந்தாப் பிறகு கூப்பிடுறன்.” தலையாட்டியது. மேசையைத் துடைத்து, ஸ்ரேப்ளரையும் கத்திரிக்கோலையும் லாச்சிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைத் தந்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனது. வேலையில்லாப் பிரச்சினை பற்றி ஆயிரம் பேர் எழுதிய கட்டுரை வாசித்திருக்கிறேன். வேலையால் நிற்பாட்டுகிறவன் அன்றிரவு என்ன சாப்பிட்டான் என்று ஒருவரும் எழுதியதில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அதுதான் பிறகு உறுத்தியது.

பிறகு வந்தது எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர். யூன் 27இலிருந்து அத்தியாவசிய சேவை தவிர ஒருவருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கம் போத்தல் பெற்றோல் 1500, 2000 என்று ஒளித்து விற்றது. பெற்றோல் விற்கிற செட்டில் விலை லீற்றர் 470, ஆனால் செட்டில் பெற்றோல் இல்லை. யூலை 9இல் கொழும்பில் சனம் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தடாகத்தில் குளித்தது. அதைக் கடையில் போனில் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் அரைவாசிப் பேர், கிராம அலுவலரான விதானையாரின் கையெழுத்தோடு குடும்ப அட்டைப் பிரதி எடுக்க வந்தவர்கள். 14ஆம் திகதி சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். 16ஆம் திகதி எரிபொருள் கியூஆர் பதிவு தொடங்கியது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20.

அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், சேஸிஸ் இலக்கம் போட்டால் போனுக்கு ஓர் எண் வரும், அதைத் திரும்பப் போட்டால் கியூஆர். போனில் தாங்களே செய்யலாம். ஆனால் எங்கள் ஊரில் 60 வயதுக்கு மேல் யார் செய்வது? முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கடைக்கு முன்னால் நாற்பது சைக்கிள். பதிந்து, பிறின்ட் எடுத்து, லமினேட் பண்ணிக் கொடுக்க 100 ரூபா. லமினேட்டிங் கடதாசி ஒரே கிழமையில் சுன்னாகம், மருதனார்மடம் எங்கும் முடிந்துவிட்டது. பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டேன், அடுத்த நாளே வந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் சேஸிஸ் இலக்கங்களைக் கொப்பியில் எழுதிவைத்து, வந்ததும் அடிப்போம். நாடு வங்குரோத்து, எனக்கு வருமானம். லீசிங் நிலுவை மூன்று மாதத்தையும் அந்த ஓகஸ்ட்டில்தான் கட்டினேன்.

வாகனம் என்று சொல்லிச் சனம் கொண்டுவந்த புத்தகங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். இருபது வருடம் கோழிக்கூட்டுக்குள் கிடந்த ஸ்கூட்டர்களெல்லாம் கடதாசியில் உயிர்த்தெழுந்தன. எஞ்சின் இல்லை, ஆனால் சேஸிஸில் இலக்கம் இருக்கிறது, கிழமைக்கு 4 லீற்றர் உண்டு. அந்த 4 லீற்றரை விற்றுத்தான் ஒரு வீட்டில் மருந்து வாங்கினார்கள். செட்டில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து நின்ற அந்த ஐயாவை நான் காட்டிக்கொடுத்திருக்கவேண்டும் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லலாம். லமினேட் பண்ணிக் கொடுத்தவனே நான்தான்.

அந்த நாட்களில் பெரியவர்கள் அடிக்கடி சொன்ன வசனம்: “உது என்ன, தொண்ணூறுகளில நாங்கள் பாக்காததே.” சண்டையில் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலம். ஐந்து வருடத்துக்கு மேல் கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், துவைக்கச் சவர்க்காரம் இல்லாமல் பனங்களி. நானும் அந்த விளக்கில் படித்தவன்தான். ஆனாலும் இந்தக் கதையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அப்போது ஒருவரிடமும் லீசிங்கில் எடுத்த ஓட்டோ இல்லை. கிழமைக்கொருதரம் வாசலில் வந்து நின்று காசு கேட்கும் நுண்கடன்காரன் இல்லை. இல்லாமை எல்லோருக்கும் இருந்தது, கடன் இருக்கவில்லை. 2022இல் ஒரு ஓட்டோக்காரருக்குப் பெற்றோலும் இல்லை, தவணையும் நிற்காது. இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது.

இனி சீவிக்கு வருகிறேன், அதைத் தேடித்தானே தொடங்கினேன். 2021இல் ஒரு வருடத்துச் சீவிகள் ஸ்கிரீனில் ஒரு பக்கத்துக்குள் அடங்கின. பெரும்பாலும் புதிதாகப் பட்டம் முடித்த பிள்ளைகள், அரச வேலைக்கு, வங்கிக்கு. 2022 யூலைக்குப் பிறகு மவுஸை உருட்ட உருட்ட முடியவில்லை. ஆட்களும் மாறிவிட்டார்கள். முந்தி சீவி என்றால் படித்தவர் விஷயம். இப்போது மரவேலை செய்கிற ஓடாவி, வெல்டிங்காரர், ஓட்டோக்காரர், பேக்கரியில் நின்றவர். தொழிலைக் கையில் வைத்திருப்பவன் அதைக் கடதாசியில் எழுதிக்கொண்டு வேலை தேடுகிறான் என்றால், ஊரில் அந்தத் தொழிலுக்கு ஆளைக் கூப்பிட ஒருவரும் இல்லை என்று அர்த்தம். இதைவிடத் தெளிவான அறிகுறியை நான் காணவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அரசாங்கக் கணக்கில் வேலையின்மை 2021இல் 5.1 வீதம், 2022இல் 4.7. குறைந்திருக்கிறது! தொகைமதிப்புத் திணைக்களம் பொய் சொல்லவில்லை. கணக்கெடுக்கிற கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலே அவர் தொழில் உள்ளவர். தேடி அலுத்து வீட்டில் இருப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். விமானம் ஏறியவரும் வரமாட்டார். அந்த ஒரு வருடத்தில் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல், பாஸ்போட் எடுத்தவர்கள் ஒன்பது லட்சத்துக்கு மேல். அரச உத்தியோகத்தருக்கே ஐந்து வருடம் சம்பளமில்லாத லீவு கொடுத்து வெளிநாடு போகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமையில் லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யவும் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு எழுதுவினைஞர் அந்த வெள்ளிக்கிழமைகளில் மரவள்ளி நட்டார். நன்றாகத்தான் கிளம்பியது, முள்ளம்பன்றி தின்றது போக மிச்சம் எங்களுக்கும் வந்தது.

பாஸ்போட்டுக்கு அப்போது எங்களுக்கு வவுனியாதான் கிட்ட. முதல் நாள் பின்னேரமே போய் வாசலில் படுப்பார்கள். என் கடையில் பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுத்துக்கொண்டு, பாயைச் சுருட்டிப் பையில் வைத்தபடியே பஸ் ஏறியவர்கள் உண்டு. ஏஜென்சிக்குக் கட்ட வழியில்லாதவர்கள் கடலைப் பார்த்தார்கள். மார்ச் மாதமே மன்னாரிலிருந்து குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடியில் இறங்கியவர்கள் 16 பேர். நவம்பரில் வியட்நாம் கடலில் மூழ்கப்போன கப்பலிலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் 303 பேர். அந்தச் செய்தி வந்த அன்று கடைக்கு வந்த ஒரு தாய் என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை.

மேசன் தம்பி வந்தது ஓகஸ்ட்டில். கியூஆர் கூட்டம் கலைந்த ஒரு மத்தியானம். சீமெந்து மூடை 1000 ரூபாச் சொச்சத்திலிருந்து மூவாயிரத்தை எட்டிக்கொண்டிருந்த நேரம். கட்டிக்கொண்டிருந்த வீடுகள் கம்பி நீட்டியபடி நின்றன, இன்னும் சில நிற்கின்றன. ஆறு மாதமாக வேலை இல்லை என்றார். மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்து ஏஜென்சிக்குக் கட்டியாயிற்று. ரூபா விழுந்ததில் பவுண் ஏறிப் போனதால் அடைவில் கொஞ்சம் அதிகமாகக் கிடைத்ததாம், அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம்.

நான் கேட்கக் கேட்கப் பிள்ளை அடித்தது.

“என்ன வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?”

“ஒன்பது. 95 சண்டையில இடம்பெயந்ததோட சரி.”

“அனுபவம்?”

“எழுதுங்கோ. உங்கட கடை மாடிக்கு கொங்கிறீற் பிளேட் போட்டது ஆர்?”

அவர்தான். 2011இல். எனக்கு மறந்தே போயிருந்தது. அவர் தான் கட்டிய வீடுகளை ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லத் தொடங்கினார். வைத்தியர் வீடு, சங்கக்கடைக்குப் பின்னால் இரண்டு மாடி, சண்டையில் இடிந்த பள்ளிக்கூடக் கட்டடம், அம்மன் கோவில் மடைப்பள்ளி. பிள்ளை அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. இதெல்லாம் சீவியில் போட ஏலாது. “கட்டடத் துறையில் 22 வருட அனுபவம்” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டோம். அவர் அந்த வரியை விரலால் தொட்டு, “இவ்வளவுதானா அண்ணை?” என்றார்.

செப்ரெம்பரில் கியூஆர் வேலை ஓய்ந்தது. எல்லோரும் ஒருதரம் பதிந்தால் முடிந்ததுதானே. கொழும்பு உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று செய்தி சொன்ன மாதம் அது. பிள்ளையிடம் இரண்டாம் முறையும் அதே வசனத்தைச் சொன்னேன். இம்முறை “ரெண்டு மாதம்” என்று சொல்ல வாய் வரவில்லை.

நவம்பரில் தானாகக் கடைக்கு வந்தது. வவுனியாப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலை அலுவலகத்தில் தரவு பதிய ஆள் எடுக்கிறார்களாம், சீவி அடிக்கவேண்டும். “நானே அடிக்கிறன் அண்ணை” என்று தன் பழைய கதிரையில் இருந்து அடித்தது. பிறகு சேவைக் கடிதம் ஒன்று தர முடியுமா என்று கேட்டது. அதையும் தானே அடித்தது. 2017 முதல் 2022 வரை, தட்டெழுத்தாளர், கடமையில் நேர்மை. கடைசி வரியில் நின்றுவிட்டது. ஏன் விலகினார் என்று எழுதவேண்டும். நான் ஒன்றும் சொல்லாமல் ஸ்ரேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். “தனது சொந்த விருப்பின் பேரில் விலகியுள்ளார்” என்று அடித்துவிட்டு, “அப்பிடிப் போட்டாத்தான் எடுப்பினம் அண்ணை” என்றது. நான் கையெழுத்து வைத்து, கடைச் சீலும் அடித்துக் கொடுத்தேன். காசு எடுக்கவில்லை. மேசையில் 40 ரூபாவை வைத்துவிட்டுத்தான் போனது.

அந்தக் கடிதமும் இந்த ஹாட்டிஸ்கில் இருக்கிறது. மேசனின் சீவிக்கு நாலைந்து ஃபைல் கீழே. பிள்ளை இன்னும் வவுனியாவில்தான், போன வருடம் கல்யாணம், அழைப்பிதழ் வேறு இடத்தில் அடித்திருந்தது.

இப்போது நிலைமை பரவாயில்லை என்கிறார்கள். கரண்ட் வெட்டு இல்லை. கியூஆரை 2023 செப்ரெம்பர் 1இல் எடுத்துவிட்டார்கள், லமினேட் பண்ணிய அட்டைகளைச் சிலர் இன்னும் பேர்சில் வைத்திருக்கிறார்கள், திரும்ப வரும் என்று. கடதாசி விலை இறங்கியது. சுவரில் 20ஐப் பிய்த்து 15 ஆக்கினேன், 5க்கு இனிப் போகாது. ரியூட்டில் அரைவாசி திரும்பி வந்திருக்கிறது. மிச்ச அரைவாசி வட்ஸ்அப்பிலேயே நின்றுவிட்டது, வாத்திமாருக்கு அந்தக் காசு மிச்சம் பழகிவிட்டது. இரண்டாவது மெஷினை விற்றுவிட்டேன். 2023இல் கனடா விசிட்டர் விசாவுக்கு என்று வங்கிக் கூற்றும் அழைப்புக் கடிதமும் கட்டுக் கட்டாகப் பிரதி எடுத்தார்கள். அதில் ஓட்டோக்காரர்கள் குறைவு, வாத்திமார் அதிகம்.

மேசனின் ஃபைலைத் திறந்து, 22 வருடத்தை 25 ஆக்கினேன். கத்தார் கொம்பனியின் பெயரைச் சேர்த்தேன். இம்முறை கொஞ்சம் யோசித்து, கீழே இன்னொரு வரியும் போட்டேன்: வீடுகள், பாடசாலைக் கட்டடம், கோவில். பிடிஎஃப் ஆக்கி இரவே அனுப்பினேன்.

காலையில் பதில் குரல்செய்தி கிடந்தது. பின்னால் லொறிச் சத்தம். “கிடைச்சுது அண்ணை, பெரிய உதவி. காசு மனிசியிட்டச் சொல்லிவிடுறன்.” கொஞ்சம் இடைவெளி. “அண்ணை, இப்ப அங்க சீமெந்து மூடை என்ன போகுது? ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ.”

எதிர்ப்பக்க ஹாட்வெயார் ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள்.